மச்சில் தோண்டிய தறிக்குழி

இரும்பு உத்திரம் விழுவதற்கு முன்னால் தொங்கும், தொங்குவது கண்ணுக்குத் தெரியும், ஆகவே பயப்பட நேரம் கிடைக்கும் என்று உங்களுக்கு இன்ஜினீயரிங் கல்லூரியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். எனக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதியை நான் அருப்புக்கோட்டையில், ரேஷன் அரிசியில் கல் விழுகிறது என்ற புகாரை விசாரிக்கப் போன இடத்தில் தெரிந்துகொண்டேன்.

அரிசியில் கல் கிடந்தால் மராமத்து இலாகாவுக்கு என்ன வந்தது என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். தாசில்தார் அலுவலகத்திலிருந்து வந்த ஆள், "கல்லு மேல இருந்து விழுகுது சார், அதனால உங்க இலாகா" என்றான். அந்தத் தர்க்கத்தில் குறை காண முடியவில்லை.

யுத்தம் முடிந்திருந்தது, ரேஷன் முடியவில்லை. அரிசி, நூல், சிமென்ட், இரும்பு, மண்ணெண்ணெய் என்று எல்லாவற்றுக்கும் ஒரு கட்டுப்பாடு, ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் ஓர் அதிகாரி. அந்தச் சீமையில் கட்டுப்பாடு இல்லாமல் கிடைத்தது வெயில் ஒன்றுதான். அந்த வருஷம் அதுவும் கிடைக்கவில்லை. ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகை வந்தும் விடவில்லை.

கட்டடம் பாளையம்பட்டி போகிற பாதையில் இருந்தது. யுத்தத்துக்கு முன்பு நெசவாளர்கள் தாங்களே கட்டிக்கொண்டது. கீழே நூல் வைக்கும் கிடங்கு, மேலே மச்சில் கூட்டம் நடத்தும் கூடம். யுத்த காலத்தில் கீழ்த்தளத்தை அரசாங்கம் ரேஷன் கிடங்காக எடுத்துக்கொண்டது. மச்சு அவர்களிடமே இருந்தது. அரசாங்கம் எடுத்துக்கொண்ட கட்டடங்களைப் பராமரிப்பது எங்கள் இலாகாவின் வேலை. அந்தப் பிரிவுக்கு நான்தான் சூப்பர்வைசர்.

திங்கட்கிழமை காலை போனேன். கிடங்குக் குமாஸ்தா ஒரு முறத்தில் அரிசியைப் பரப்பி வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார்.

"பாருங்க சார். நம்ம கல்லு வெள்ளையா, பொடிசா இருக்கும். இது கருப்பா, பெருசா இருக்கு. இது என்னோடது இல்ல."

உத்தியோக வாழ்க்கையில் அவ்வளவு நேர்மையான வாக்குமூலத்தை நான் பிறகு கேட்டதில்லை. முறத்தில் கிடந்தது காங்கிரீட் ஜல்லி. நிமிர்ந்து பார்த்தேன்.

கூரையிலிருந்து கால்கள் தொங்கிக்கொண்டிருந்தன.

ஒரு ஜோடி இரண்டு ஜோடி இல்லை, கிடங்கின் நீளத்துக்கு இரண்டு வரிசை. கூரையில் சதுரம் சதுரமாக ஓட்டைகள். ஒவ்வோர் ஓட்டையிலிருந்தும் முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்கள். கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட மிதிக்கட்டைகளை அவை மாறி மாறி மிதித்துக்கொண்டிருந்தன. மேலே தறிச் சத்தம். கீழே ரேஷனுக்கு வரிசையில் நின்ற பெண்கள் அரிசியை மறந்துவிட்டுக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்தா, நாலாவது ஓட்டையில வெடிச்ச குதிங்காலு. அது எங்க வீட்டுக்காரரு காலுதான்" என்றாள் ஒருத்தி.

"எப்படிடி சொல்லுத?"

"காலையில வெளக்கெண்ணெய் தடவிவிட்டவ நான்தானே. பாரு, தூங்கி வழியுறாரு. மிதி விழவே மாட்டேங்குது." அண்ணாந்து குரல் கொடுத்தாள். "ஏங்க, காலு நிக்குது."

கால் உடனே வேகமாக மிதித்தது. வரிசை சிரித்தது. நானும் சிரித்திருப்பேன். அந்த மிதிக்கு மேலே இருந்த இரும்பு உத்திரத்தை, கர்டரை, அதற்குள் பார்த்துவிட்டேன்.

குழித்தறி பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். நெசவாளி தரையில் உட்கார்ந்து, தறிக்கு அடியில் தோண்டிய குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதிக்கட்டைகளை மிதிப்பார். குழி இல்லாமல் அந்தத் தறி ஓடாது. ஊருணிக்கரைத் தெருவில் வீடு வீடாக அப்படித்தான் தறி. அது கரிசல் மண். அந்த வருஷத்து மழையில் ஊருணி நிரம்பி, தெரு முழுக்கத் தறிக்குழிகளில் நீர் ஊறிவிட்டது. இறைத்தால் மறுபடி ஊறியது. ஆகவே தறிகளைக் கழற்றிக்கொண்டு வந்து தங்கள் சொந்தக் கட்டடத்தின் மச்சில் பூட்டினார்கள். பூட்டிய பிறகு குழி வேண்டுமே. தோண்டினார்கள்.

மச்சின் தளம் அந்தக் காலத்து முறை. சுவருக்குச் சுவர் இரும்பு கர்டர்கள், இடையிடையே காங்கிரீட் நிரப்பி, மேலே மெல்லிய பூச்சு. கர்டருக்கும் கர்டருக்கும் இடையே இருந்த அகலம் ஒரு மனிதன் இரண்டு காலையும் விட்டு மிதிக்கச் சரியாக இருந்தது. அளந்து கட்டியது போல.

மேலே ஏறிப் போனேன். அவர்களுக்குத் தலைவர் போல இருந்தவர் சவுண்டப்பன். ஐம்பது வயதுக்காரர், குரல் உயர்த்திப் பேசாதவர். தறியிலிருந்து எழுந்து வந்து கும்பிட்டார்.

"தளத்தை ஏன் வெட்டினீர்கள்?"

"வெட்டலீங்களே அய்யா. இரும்பு மேல கையே வைக்கல. கையால தடவிப் பாத்துப் பாத்துத்தான் தோண்டுனோம். ஊடால அடைச்சிருந்த காரையத்தான் எடுத்தோம். தாங்குறது இரும்புதானே?"

இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வீர்கள்? தாங்குவது இரும்புதான். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் இரும்பைப் பிடித்துக்கொண்டிருப்பது எது?

மேசையில் கிடக்கும் அடிக்கோலை எடுங்கள். குறுகிய விளிம்பு கீழே வரும்படி இரண்டு புத்தகங்களுக்கு இடையே நிறுத்தி, நடுவில் விரலால் அழுத்துங்கள். அது கீழே வளையாது. பக்கவாட்டில் நெளிந்து, திருகி, படுத்துவிடும். இரும்புக் கர்டரும் அப்படித்தான். சுமை ஏறும்போது அதன் மேல்பட்டை நெரிபடுகிறது. நெரிபடும் எதுவும் பக்கவாட்டில் தப்பிக்க வழி பார்க்கும். இரண்டு பக்கமும் காங்கிரீட் கெட்டியாகப் பிடித்திருக்கும்வரை வழி இல்லை. அதுவும் போக, அந்தக் காங்கிரீட் இரும்போடு ஒட்டி, சுமையிலும் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறது. காங்கிரீட்டை எடுத்துவிட்டால் நிற்பது அடிக்கோல். அது தொங்கி எச்சரிக்காது. ஒரு கணம் நிற்கும், அடுத்த கணம் படுத்துவிடும்.

சவுண்டப்பனிடம் நூல் கேட்டேன். நூலுக்கு அங்கே பஞ்சமில்லை; கொடுத்துவிட்டு மறுபடி தறியில் போய் உட்கார்ந்தார். கீழே வந்து, குமாஸ்தாவின் ஏணியில் ஏறி, ஒவ்வொரு கர்டருக்கும் சுவருக்குச் சுவர் நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்தேன். மற்றவர்கள் ஓர் இடைவெளி விட்டு ஓர் இடைவெளியில் தோண்டியிருந்ததால் ஒவ்வொரு கர்டருக்கும் ஒரு பக்கமாவது காங்கிரீட் மிஞ்சியிருந்தது. ஒரே ஒரு கர்டர் மட்டும் இருபுறமும் அம்மணமாக நின்றது. அதன் பக்கத்துக்கு ஒரு கால் தொங்கியது, குதிரை மேல் உட்கார்ந்தது போல. அந்தத் தறி சேலைக்கான அகலத் தறி. ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பூட்டியதில், உட்காரும் இடம் சரியாகக் கர்டரின் மேல் வந்துவிட்டது. அந்தக் கர்டரில் தொங்கல் துளியும் இல்லை. ஆனால் அதன் மேல்பட்டை நூலை விட்டு ஒரு விரல் அகலம் விலகி நின்றது.

அது சவுண்டப்பனின் தறி.

"எல்லாரும் இறங்குங்கள். கீழே இருப்பவர்களும் வெளியே போகட்டும்" என்றேன்.

தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. அவர்கள் தங்களுக்குள் தங்கள் வீட்டு மொழியான கன்னடத்தில் பேசிக்கொண்டார்கள். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. பேச்சு என்னைப் பற்றித்தான் என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது. பிறகு சவுண்டப்பன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"வெள்ளிக்கிழமை நூல் இன்ஸ்பெக்டர் வாராக. ஓடுற தறிக்குத்தான் நூல் கார்டு. நின்ன தறியோட பேர அடிச்சுட்டுப் போயிருவாக. போன வருசம் எங்க மச்சான் தறிய அடிச்சாக. அம்மைல படுத்திருந்தான், தறி நின்னுருச்சு. கார்டு போச்சு. இன்னைக்குத் திருச்சுழிப் பக்கம் கண்மாய்க்கரையில மண்ணு சுமக்கான். நூலைத் தவிர வேற எதையும் தூக்கிப் பழகாத கையி. இந்தத் தெரு பூராவையும் மண்ணு சுமக்க அனுப்பப் போறீகளா?"

"மச்சு விழுந்தால் மண் சுமக்கக்கூட ஆள் இருக்காது."

"விழும்ங்கிறீக. எப்ப?"

"தெரியாது."

"தெரியாததுக்குத் தெரிஞ்சதை நிறுத்துறீக."

  அந்த இடத்தில் எந்தப் பதிலும் அவருக்குச் சோறு போடாது.

அன்று மத்தியானம் தாசில்தார் வந்தார். நரிக்குடிப் பக்கத்திலிருந்து கொள்முதல் நெல் லாரியில் வந்துகொண்டிருக்கிறது, கிடங்கை மூடினால் எங்கே இறக்குவது என்று கத்துவார் என எதிர்பார்த்தேன். அவர் கத்தவில்லை. நிதானமாக அண்ணாந்து ஓட்டைகளைப் பார்த்தார்.

"மேல்தளம் நெசவுக்கு லாயக்கில்லை என்று ஒரு ரிப்போர்ட் கொடுத்துவிடுங்களேன். ஆட்கள் இறங்கிவிடுவார்கள். ஓட்டையை அடைத்து மேலேயும் நாமே எடுத்துக்கொள்ளலாம். கிடங்கு பற்றவே இல்லை."

அபாயகரமான கட்டடம் பற்றிய நடைமுறை எனக்குத் தலைகீழாகத் தெரியும். நான் மதுரைக்கு எழுத வேண்டும். மதுரையிலிருந்து வந்து பார்க்க வேண்டும். பார்த்தவர் மேலே எழுத வேண்டும். மேலே இருப்பவர் கலெக்டருக்கு எழுத வேண்டும். அந்த வரிசை முடிவதற்குள் கர்டரே தன் முடிவை அறிவித்துவிடும். இன்னொரு விதியும் உண்டு. உயிருக்கு உடனடி அபாயம் என்றால் சம்பவ இடத்தில் இருக்கும் அதிகாரி தன் பொறுப்பில் கட்டடத்தை மூடலாம், பிறகு பதில் சொல்லலாம். பெரும்பாலான அதிகாரிகளுக்கு இந்த விதி நினைவிருக்காது. நினைவிருப்பவர்கள் அதன் கடைசி இரண்டு சொற்களை மறப்பதில்லை.

மூடிப் பூட்டினேன். அன்றன்று அளக்கும் அரிசியை மட்டும் வாசல் முற்றத்தில் தார்ப்பாய் கட்டி அளக்கச் சொன்னேன். நெல் லாரியைத் திருச்சுழிச் சத்திரத்துக்குத் திருப்புமாறு தாசில்தாரைக் கேட்டுக்கொண்டேன். அவர் என்னைக் கேட்டுக்கொண்ட ரிப்போர்ட்டை எழுத்தில் கேட்டால் நானும் எழுத்தில் பதில் தருவதாகச் சொன்னேன். லாரி திருச்சுழிக்குத் திரும்பியது.

அடைத்தாயிற்று. இனி அது தாசில்தாரின் கட்டடம் ஆகாமல் இருக்க வேண்டும்; வெள்ளிக்கிழமைக்குள் தறிகள் ஓடவும் வேண்டும். மதுரையில் இருந்த என் மேலதிகாரிக்கு, விலா எலும்பு தெரிய நிற்கும் கர்டர்களைப் பற்றியும், சோதித்துப் பார்த்துத் திறக்க நான் நினைத்திருப்பதைப் பற்றியும் தந்தி கொடுத்தேன். அவர் யார் என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் அவருக்குப் பிடிக்காது. எனக்கு அந்த வேலையைப் பற்றித் தெரிந்ததில் பாதி அவருடைய திட்டுகளிலிருந்து வந்தது. சாயங்காலம் பதில் தந்தி வந்தது. "நீ அங்கே இருக்கிறாய். நான் இல்லை."

முதலில் கோபம் வந்தது. பிறகு அது அனுமதி என்று புரிந்தது. எதையும் அனுமதிக்காத அனுமதி; ஆனால் எதையும் தடுக்கவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை வேலை ஆரம்பித்தோம். இங்கே நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. ஒரு கர்டர் சுமக்கும் சுமையை நீங்கள் சுமக்க வேண்டுமென்றால் இன்னொரு கர்டர் வேண்டும். அது பக்கவாட்டில் சாயாமல் பிடித்துக்கொள்ள ஒரு மரக்கட்டை போதும். ஓடுகிற காளையை நிறுத்துவது வேறு. நிற்கிற காளையின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பது வேறு. இரும்புக்கு அனுமதி கேட்டால் கிடைப்பதற்குள் எனக்கு ஓய்வுக்காலம் வந்துவிடும். சிமென்டுக்கும் அப்படித்தான். கட்டைக்கு அனுமதி வேண்டியதில்லை.

தறிச் சட்டம் செய்யும் ஆசாரிகள் அந்தத் தெருவிலேயே இருந்தார்கள். தோண்டிய குழிகளின் இரண்டு ஓரத்திலும், கர்டரின் மேல்பட்டைக்கு நேராக, அடுத்த கர்டரை முட்டும்படி கட்டைகளை அளந்து அறுத்து ஆப்பு வைத்து இறுக்கினார்கள். காலுக்கு இடம் இருந்தது. கர்டருக்குத் தப்பிக்க வழி இல்லை. காங்கிரீட் கொடுத்துவந்த பங்கு போய்விட்டது, ஆனால் சாயாமல் நின்றால் இரும்பு தனியாகவே தறிகளைத் தாங்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்திருந்தேன். மிதிக்கட்டைகளைக் கர்டரின் ஒரே விளிம்பில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அது இரும்பைத் திருகும். கயிறுகளை மாற்றி இரண்டு கர்டர்களுக்கும் குறுக்கே பலகை போட்டு அதிலிருந்து தொங்கவிடச் செய்தேன்.

திருச்சுழிப் பக்கத்திலிருந்து வைரம் பாய்ந்த பனங்கட்டைகள் இரண்டு வண்டி வந்தன. அவற்றைக் கர்டர்களுக்கு அடியில் தூண்களாக நிறுத்தினேன். ஆசாரி ஒருவர் தூணுக்கும் இரும்புக்கும் நடுவே ஆப்பு அடிக்கப் போனார். தடுத்தேன்.

"ஒரு விரல் இடைவெளி விடுங்கள்."

"இடைவெளி விட்டா எப்படிங்கய்யா தாங்கும்?"

"தாங்க வேண்டாம். விழுந்தால் பிடித்தால் போதும். இது தாங்கினால் கர்டர் தாங்குகிறதா என்று எனக்குத் தெரியாமலே போய்விடும்."

புதன்கிழமை சுமை ஏற்ற வேண்டும். கணக்கு என்பது ஒரு நம்பிக்கை. சுமையேற்றிப் பார்க்கும்வரை அது உங்களுடைய நம்பிக்கை மட்டும்தான். தாசில்தார் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். அவருக்கு அந்தக் கட்டடத்தின் மேல் இருந்த ஆசை இன்னும் போகவில்லை.

"எதை ஏற்றப் போகிறீர்கள்? அவர்களையே மேலே நிற்கச் சொல்லலாமே. சாதாரணமாக அப்படித்தானே செய்வார்கள்?"

"விழுந்தால் திரும்பப் பொறுக்கி எடுக்க முடிகிற எதையாவது ஏற்ற வேண்டும்" என்றேன். "உங்கள் அரிசி மூட்டைகளை."

அவர் முகத்தைப் பார்க்க நீங்கள் அங்கே இருந்திருக்க வேண்டும். "ரேஷன் சரக்கைக் கிடங்கை விட்டு வெளியே எடுக்க விதி இல்லை."

"வெளியே எடுக்கவில்லை. அதே கதவு எண், அதே பூட்டு. மாடிப்படி கட்டடத்துக்கு உள்ளேதான் இருக்கிறது. உயரம் பற்றி உங்கள் விதியில் எதுவும் இல்லை. பார்த்துவிட்டேன்."

பார்த்திருந்தேன். விதிகளைப் படித்து வையுங்கள். படிக்காதவனுக்கு அவை சுவர். படித்தவனுக்கு அவற்றில் எங்கே கதவு இருக்கிறது என்று தெரியும்.

தறிகளை ஓரமாக ஒதுக்கி, குழிகளின் மேல் பலகை போட்டு, மூட்டைகளை அடுக்கினோம். நெசவாளர்களே சுமந்தார்கள். தறியும் ஆளும் சேர்ந்தால் எவ்வளவு பாரமோ அதற்கு மேலும் ஏற்றினேன். ஊடை நூலை ஏந்திய நாடா போய் வரும் ஒவ்வொரு முறையும் தறி தளத்தைக் குத்துகிறது, நின்ற பாரமும் குத்துகிற பாரமும் ஒன்றல்ல. ஏற்றும்போது ஒரு நேரத்தில் ஓர் ஆள், ஒரு மூட்டை. கீழே யாரும் இல்லை. பிறகு எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு நான் மட்டும் கீழே போய், ஒவ்வொரு கர்டரிலும் நூலுக்கும் இரும்புக்கும் நடுவே இருந்த இடைவெளியை அளந்தேன். விலகியிருந்தன, கொஞ்சம் கொஞ்சம். விலகும். அதில் பயப்பட எதுவும் இல்லை. ஓர் இரவு அப்படியே விட்டேன்.

சுமை ஏற்றும்போது இரும்பு வளைவதைப் பார்த்து முடிவெடுக்கிறவர்கள் உண்டு. நான் இறக்கும்போதுதான் பார்ப்பேன். வளைவது இரும்பின் இயல்பு. திரும்பி வருகிறதா என்பதுதான் அதன் குணம்.

வியாழக்கிழமை காலை மூட்டைகளை இறக்கினோம். மறுபடி நூல் பிடித்தேன். கர்டர்கள் ஒவ்வொன்றாகத் தங்கள் இடத்துக்குத் திரும்பியிருந்தன. ஒன்றைத் தவிர.

சவுண்டப்பன் என் பக்கத்தில் நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் இறங்கியதும், "என்னோடதுதான?" என்றார்.

"ஆமாம். முன்பு ஒரு விரல் விலகியிருந்தது. இப்போது இரண்டு. சுமையை எடுத்த பிறகும் வரவில்லை. கட்டை முட்டியும் போனது போனதுதான். இனி அதை நம்ப முடியாது."

"மத்ததெல்லாம்?"

"ஓடலாம். இன்றைக்கே பூட்டலாம்."

அவர் மச்சுக்கு ஏறினார், நானும் பின்னால் போனேன்; மற்றவர்கள் தங்கள் தங்கள் குழியருகே காத்து உட்கார்ந்திருந்தார்கள். வேறு இடம் தேடிப் பார்ப்பார் என்று நினைத்தேன். இடம் இல்லை என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கூடம் முழுக்கத் தறி. புதுக் குழி தோண்ட நான் விடமாட்டேன். இன்னொருவரை எழுப்பிவிட்டு அவர் உட்கார்ந்திருக்கலாம். தலைவர் சொன்னால் எழுந்திருப்பார்கள். அவரது தம்பி மகன் ஒருவன் எழுந்தும் நின்றான்.

"பெரியப்பா, என் எடத்துல பூட்டுங்க. நான் அப்புறம் பாத்துக்கிறேன்."

"ஏலே, உக்காரு. என் சேலைத் தறிக்கு உன் எடம் அகலம் பத்தாது." அகலம் காரணம் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். அவன் உட்கார்ந்தான்.

பிறகு என்னிடம் திரும்பினார். "அய்யா, ஒரே ஒரு நாளு. நாளைக்குக் காலையில இன்ஸ்பெக்டர் வந்துட்டுப் போற வரைக்கும். கீழ பனங்கட்டை நிக்குதுல்ல? ஆப்பு அடிச்சா அது தாங்காதா?"

இதுதான் அந்த வாரத்தின் கடினமான கேள்வி. தாசில்தாரை மறுப்பது சுலபமாக இருந்தது. கணக்கு சுலபமாக இருந்தது. ஒரே ஒரு நாள், ஒரே ஒரு தறி, அடியில் தூண். ஒருவேளை தாங்கியிருக்கும். நூற்றுக்கு எவ்வளவு என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கர்டர் சாயும்போது கீழ்நோக்கி மட்டும் போகாது, பக்கவாட்டில் திருகும்; தூணின் தலையிலிருந்து நழுவினால் பக்கத்துக் கர்டரையும் முட்டித் தள்ளும். பக்கத்துக் கர்டரின் மேல் அந்தத் தம்பி மகன் உட்கார்ந்திருப்பான்.

"முடியாது" என்றேன். காரணத்தையும் சொன்னேன். அவர் தலையாட்டினார். ஒப்புக்கொண்டதற்காகவா, கேட்டு முடித்ததற்காகவா என்று தெரியவில்லை.

சாயங்காலத்துக்குள் தன் தறியைத் தானே கழற்றினார். அந்தக் கர்டருக்கு அடியில் பனந்தூண்களை ஆப்பு அடித்து இறுக்கி, மேலே யாரும் கால் வைக்காமல் சட்டம் அடித்து அடைத்தேன். அதை மாற்ற இரும்புக்கு விண்ணப்பம் எழுதினேன். அனுமதி கிடைப்பதற்குள் சுதந்திரமே கிடைத்துவிட்டது.

இங்கே உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முழுக் கட்டடத்தையும் வேண்டாம் என்று எழுதிவிட்டால் உங்களை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கோப்பு சுத்தமாக இருக்கும். தெரு காலியாகும், அது உங்கள் கோப்பில் வராது. எல்லாவற்றையும் சரி என்று எழுதிவிட்டாலும், ஒன்றும் விழாத வரைக்கும், உங்களை எல்லாருக்கும் பிடிக்கும். இரண்டும் சோம்பேறித்தனம். எது கெட்டது என்று ஒன்றொன்றாகத் தேடிப் பிடித்து, அதை மட்டும் வேண்டாம் என்று சொல்வதற்குத்தான் நமக்குச் சம்பளம். அப்படிச் சொன்னால் அந்த மறுப்புக்கு ஒரு முகம் வந்துவிடும். ஒரு குறிப்பிட்ட மனிதரின் முகம். மறுநாள் அந்த மனிதரிடம் போய் நில்லுங்கள். எந்த விதியும் உங்களைப் போகச் சொல்லாது. போங்கள்.

வெள்ளிக்கிழமை காலை நூல் இன்ஸ்பெக்டர் வந்தார். மழையில் நனைந்த குடையும், நனையாத எரிச்சலும். மச்சில் ஏறி ஒவ்வொரு தறியின் முன்னும் நின்று, ஓடுவதைப் பார்த்து, கார்டில் எழுதிக்கொண்டே வந்தார். கடைசியில் அடைத்து வைத்த இடத்துக்கு முன்னால் நின்றார்.

"சவுண்டப்பன்னு ஒரு கார்டு இருக்கே. தறி எங்கே?"

"வீட்டுல ஓடுது சார்" என்றான் தம்பி மகன்.

எனக்கே அது செய்தி. இன்ஸ்பெக்டருக்குப் பின்னால் நானும் நடந்தேன். ஊருணிக்கரைத் தெரு முழுக்கச் சேறு. ஊருணி கரை தொட்டுக் கிடந்தது. தூரத்திலேயே தறிச் சத்தம் கேட்டது. ஒரே ஒரு தறி.

வாசலில் அவர் மனைவி ஒரு குடம் தண்ணீரைத் தெருவில் கொட்டிவிட்டு எங்களைப் பார்க்காமல் உள்ளே போனார். நாங்கள் குனிந்து நுழைந்தோம். பழைய இடத்தில், பழைய குழிக்கு மேல் தறி பூட்டியிருந்தது. சவுண்டப்பன் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். பாவு நூல் மட்டும் காய்ந்து விறைப்பாக நின்றது. குழியில் அவருக்கு முழங்கால் வரைக்கும் தண்ணீர். மிதிக்கட்டை தண்ணீருக்கு அடியில் இருந்தது. ஒவ்வொரு மிதிக்கும் கலங்கல் ஒரு தரம் மேலே வந்து போனது. அவர் மனைவி குழியின் ஓரத்தில் மண்டியிட்டு மறுபடி குடத்தை அமிழ்த்தினார். மொண்ட அளவு ஊறிக்கொண்டிருந்தது. விடியற்காலையிலிருந்து அப்படித்தான் நடந்திருக்க வேண்டும்.

"என்னய்யா இது, தறியா கிணறா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

சவுண்டப்பன் நாடாவை நிறுத்தவில்லை. "தறிதான்யா. கார்டுல அப்படித்தான் போட்டிருக்கு."

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். "இவர் தறியை மச்சிலிருந்து இறக்கச் சொன்னது நீங்கதானே? இங்கே வந்து இப்படி உட்கார்ந்திருக்காரு. இதையும் ஒரு தறின்னு நான் எழுதணுமா? நாளைக்கு மேலே இருந்து கேட்டா? உங்க இலாகா இந்த இடத்தைச் சரின்னு சொல்லுமா?"

சவுண்டப்பன் அப்போதுதான் முதல் தடவையாக நிமிர்ந்தார். நாடாவைப் பார்க்கவில்லை, இன்ஸ்பெக்டரையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். கை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"இதற்கு அடியில் பூமி சார்" என்றேன். "அது தாங்கும். எங்கள் இலாகாவுக்கு ஆட்சேபணை இல்லை. வேண்டுமென்றால் இப்போதே எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்."

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. குடையை என் கையில் கொடுத்தார். பேனாவைத் திறந்து, சுவரில் கார்டை வைத்து, ‘ஓடுகிறது’ என்று எழுதினார்.